பாத்ரூமுக்குப் பதினொரு அடி

என் மனைவியை முதன்முதலாகப் பார்த்த அன்று அவள் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாள். நான் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே இடம் இல்லாமல் இல்லை, நாலு சீட் காலியாகவே கிடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, முகத்தில் காற்று அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அந்த பஸ்ஸின் கண்டக்டர். தோளில் பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். "உள்ள வாங்க" என்றாள். காதில் விழாத மாதிரி நின்றேன். "சார், ஃபுட்போர்டுல நிக்காதீங்க. உள்ள வாங்க." "எனக்கு இங்கதான் வசதி. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவள் தன் வேலையைப் பார்த்தாள். ஒரே ஒரு விசில். பஸ் நடுரோட்டில் நின்றது. நான் இறங்குகிற வரைக்கும் இரண்டாவது விசில் கிடையாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது பேர் என்னைத் திட்டினார்கள். இறங்கினேன். மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினேன், உள்ளே போய் நின்றேன். ஒன்றரை வருஷத்தில் கல்யாணம்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் ஃபுட்போர்டு, எனக்கு அவள் கண்டக்டர். வீட்டில் வேறு பெயர் கிடையாது. அவள் தம்பிகூட, "அக்கா, எங்க நம்ம ஃபுட்போர்டு மாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவான். வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். மச்சினனால் வேறு உபகாரம் இல்லை.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் நின்றதைத்தான் சொல்ல வேண்டும். பதினாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவள். கம்பியைப் பிடிக்கமாட்டாள், இரண்டு கையும் டிக்கெட்டுக்கு வேண்டுமே. திருப்பத்தில் ஜனங்கள் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிவார்கள், இவள் காலை லேசாக அகட்டி வைத்து வீட்டுக் கூடத்தில் நிற்கிற மாதிரி நிற்பாள். டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே சடன் பிரேக் போட்டுப் பார்ப்பாராம். "அண்ணே, காலையில சாப்பிடலையா? இன்னும் பலமா போடுங்க" என்பாளாம். இதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். நூறு தடவையும் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் நேர் ரோட்டில், பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் இன்னொரு தடவை. அதற்கு முந்தின வருஷம் ஒரு கண்ணில் பத்து நாள் புகை மூடின மாதிரி இருந்தது, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். வலது பாதம் அடிக்கடி மரத்துப்போகும். செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்திருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் டிப்போவுக்கு எழுதிப் போட்டான், இந்த கண்டக்டர் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று. டிரைவர் அண்ணன் ஆபீஸில் ஏறி, "அந்தக் கடுதாசி எழுதினவனைக் கூப்பிடுங்க, எம் பஸ்ல ஒரு மணி நேரம் கம்பி பிடிக்காம நிக்கட்டும்" என்று சத்தம் போட்டாராம். நான் போயிருந்தால் சத்தத்தோடு நிறுத்தியிருக்கமாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்றார் நரம்பு டாக்டர். எனக்கு வாயில் நுழையவில்லை. நரம்புக்கு மேல் ஓர் உறை இருக்கிறதாம், உடம்பே அதை எதிரி என்று நினைத்து அங்கங்கே அரித்துவிடுகிறதாம், அதனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதில்லையாம். படம் போட்டுக் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவன், காயிலில் வயர் மேல் இருக்கிற வார்னிஷ் போய்விட்டால் மோட்டார் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? "ரீவைண்டிங் பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "போனதை முழுசா கொண்டுவர முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்தான், இவளுக்கு எம்.எஸ். என்று நான் சொன்னதும், "அப்படியா, தபால்ல படிக்கிறாங்களா?" என்றார். கண்டக்டர் அன்று பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்த ஆளை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் டிப்போவில் மேஜை வேலை. அப்புறம் அதுவும் முடியாமல் வீட்டோடு வந்துவிட்டாள். முதலில் கைத்தடி, பிறகு நாலு கால் வாக்கர். வேலையை விட்ட அன்று பையை ஒப்படைத்தாள், விசிலை ஒப்படைக்கவில்லை. அதை வாக்கரின் கைப்பிடியில் கட்டிவைத்தோம், ஏதாவது அவசரம் என்றால் ஊதட்டும் என்று. ஒரு நாளும் ஊதினதில்லை. "வீட்டுக்குள்ள விசில் அடிச்சா பக்கத்து வீட்டுக்காரர் பஸ் வந்துடுச்சுன்னு பையைத் தூக்கிட்டு ஓடி வருவார்" என்பாள்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவுக்கு வாக்கரோடு பதினொரு அடி. எண்ணி வைத்திருந்தாள். நாலாவது அடியில் பீரோ, ஏழாவதில் ஜன்னல், பதினொன்றில் கதவு. நான் சமைப்பேன், துவைப்பேன், அவளுக்குத் தலை வாரிவிடுவேன். அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லமாட்டாள் என்றால், வகிடு கோணல் என்று தினமும் சொல்வாள். ஆனால் பாத்ரூம் பக்கம் நான் தலைவைக்கக் கூடாது. "எல்லாத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடறேன். அதுக்கு மட்டும் கூப்பிட மாட்டேன். அந்தப் பதினொரு அடியாவது என்கிட்ட இருக்கட்டும். அதுவும் போச்சுன்னா நான் பொட்டலம்தான், தூக்கறதும் வைக்கறதும்" என்றாள். அவள் எழுந்தால் நான் சமையலறைக்குப் போய்விட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே நின்று காதாலேயே எண்ணுவேன். வாக்கர் வைக்கிற டொக், அப்புறம் வலது பாதம் தரையில் தேய்கிற சரக். பதினொன்று முடிந்து தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். தாழ்ப்பாள் போடாதே என்று கெஞ்சிப் பார்த்தேன். "கதவைத் திறந்து வச்சுக்கிட்டு யாராவது போவாங்களா?" என்று கேட்டாள். 

வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. காலை எட்டு மணிக்கே, வெயில் ஏறுவதற்கு முன்னால். உடம்பு சூடானால் இந்த நோய்க்காரர்களுக்குக் கை கால் ஓய்ந்துவிடும், வெந்நீரில் குளித்தால்கூட அப்படித்தான், ஆறினால் திரும்பி வரும். அதற்காகக் குளிரக் குளிர ஏசி போட்ட கூடம், கழுத்தில் ஒரு ஈரத் துணி. பிடித்து நடக்க இடுப்பு உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள், ஆள் உயரக் கண்ணாடி, நீல மெத்தைகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மெதுவா மேடம். வாயைத் திறந்தால் அதுதான். "மெதுவா எழுந்திருங்க. மெதுவா உட்காருங்க. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும், வந்தப்புறம் இல்ல." நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும், பிறகு ஐந்து நிமிஷம் ஓய்வு. கண்ணாடி முன்னால் நின்று எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும், மறுபடி ஓய்வு. எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, வந்த நேரத்துல பாதி உட்கார்ந்தே இருக்கா" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "உட்கார்றதும் எக்சர்சைஸ்தான் சார்" என்றாள், அதையும் மெதுவாக.

எங்களுக்குப் பெரிய தொல்லை அந்த வலது காலின் விறைப்பு. முட்டி மடங்காது. உட்கார்ந்தால் கால் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சில நாள் காலையில் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சத்தம் வெளியே வராமல் இருக்க அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். பார்க்கிற எனக்கு வயிறு எரியும். மாத்திரையை அரை அரையாகத்தான் கொடுத்தார்கள். வீட்டில் செய்ய மெதுவா மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். குப்புறப் படுக்கவைத்து, பாதத்தில் துண்டை மாட்டி, முட்டியை மெல்ல மடக்கிப் பிடிக்க வேண்டும், முப்பது எண்ணும் வரைக்கும். ஐந்து தடவை. நடுநடுவே ஓய்வு, மொத்தம் பத்து நிமிஷம். அடியில் கோடு போட்டு, 'அதற்கு மேல் வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

இறுகிப்போன பம்பு என் கடைக்கு வாரத்துக்கு இரண்டாவது வரும். உள்ளே சுழல்கிற ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு அசையாது. அவசரக்காரன் ஸ்பேனரைப் போட்டுத் திருகி உடைப்பான். நான் எண்ணெய் விட்டு ஊறவைப்பேன், சூடு காட்டுவேன், முன்னும் பின்னும் ஒரு நூல், இரண்டு நூல் என்று அசைத்துக்கொண்டே இருப்பேன். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, கடைசியில் விட்டுக்கொடுக்கும். என் கைக்கு விட்டுக்கொடுக்காத பம்பு இந்த வட்டாரத்திலேயே இல்லை. அப்படி இருக்க, கட்டின பெண்டாட்டியின் காலைப் பத்து நிமிஷத்தில் விட்டுவிடுவேனா?

ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தேன். அன்று இருபது நிமிஷம், மறுநாள் அரை மணி. எண்ணெய் தடவினேன். புதன்கிழமை வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து தொடையிலும் கெண்டைக்காலிலும் சுற்றினேன். "சூடு ஆகாதுன்னு மேடம் சொன்னாங்களே" என்றாள். "அது உடம்பு பூரா சூடாகறதுக்குச் சொன்னது. இது கால் மட்டும்தானே. நீ சும்மா படு" என்றேன். படுத்தாள். வியாழக்கிழமை காலையில் தசை இழுக்கவில்லை. "ஃபுட்போர்டு, கால் லேசா இருக்குங்க. பழைய காலே திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பிசியோதெரபிக்குப் போகிற நாள், கடையில் வேலை என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். ஒரேயடியாக இரண்டு வாரம் கழித்து, முட்டியை மடக்கிக் காட்டி அந்தப் பெண்ணை அசத்த வேண்டும் என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை கடைக்கு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். துண்டு ஆறிவிடுமே என்று ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்தினேன். நாலு தடவை வெந்நீர் மாற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் முட்டி மடங்கியது பாருங்கள், குதிகால் தொடையைத் தொடுகிற அளவுக்கு. அவள் முகமெல்லாம் வியர்வை, அதோடு சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். "இருங்க, போயிட்டு வந்துடறேன்" என்று வாக்கரைப் பிடித்து எழுந்தாள். சட்டப்படி நான் சமையலறைக்குப் போனேன். எண்ணினேன். நாலு, பீரோ. அங்கே கொஞ்சம் நின்றாள். ஐந்து, ஆறு, மெதுவாகத்தான் வந்தது, புதுக் காலை ரசித்து நடக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேனே, பாவி! ஏழு, ஜன்னல். எட்டாவது டொக் கேட்டது, சரக் கேட்கவில்லை. வாக்கர் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

வலது கால் அவளுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. வலது மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. நைட்டி நனைந்திருந்தது.  தரையில் கிடந்துகொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "வராதீங்க." வலி என்றுகூடச் சொல்லவில்லை. "நீங்க வராதீங்க, நானே எழுந்துக்கறேன்."

மணிக்கட்டு உடைந்திருந்தது, கட்டுப் போட்டார்கள். வார்டுக்கு டாக்டர் வந்தார், கூடவே மெதுவா மேடமும் வந்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள், முட்டியை மடக்கிப் பார்த்தாள். அது துணி மாதிரி மடங்கியது. மேடத்தின் முகம் மாறிவிட்டது. "இவங்க கால் இப்படி இருக்காதே. எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டாள். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தரை ஈரமா இருந்துச்சு மேடம். வழுக்கிடுச்சு" என்றாள்.  பார்க்கிங் ஆளிடம்கூட வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன், அன்று வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றேன்.

டாக்டர் கணக்குப் போட்டார். போன தடவை பிசியோதெரபிக்கு வந்தபோது விறைப்பாக இருந்த கால் திடீரென்று ஓய்ந்திருக்கிறது, அப்படியானால் நோய் புதிதாக ஒரு தடவை தாக்கியிருக்கிறது. உடனே ஸ்டீராய்டு டிரிப், ஐந்து நாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை ஏற்றியபோது அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். முகம் ஊதி, நெஞ்சு படபடத்து, ஐந்து நாளும் பொட்டுத் தூக்கம் இல்லாமல், "இதுக்கு என்னை விட்டுடச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து அழுதவள். நர்ஸ் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அதைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி இடது கையை நீட்டிவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக நீட்டுகிறாள்! அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"ஈரமில்ல" என்றேன். "தரை ஈரமே இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம், வெந்நீர்த் துண்டு, எண்ணெய், சாத்தின ஜன்னல், நிறுத்தின ஃபேன். பம்பைப் பற்றியும் சொன்னேன், அசடு மாதிரி. மெதுவா மேடம் கேட்டுக்கொண்டே இருந்தவள், அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "அந்த விறைப்புலதான் சார் அவங்க நின்னுட்டிருந்தாங்க! தசையில தாங்கற பலம் கிடையாது. விறைச்சு நிக்கறதாலதான் அந்தக் கால் அவங்களைத் தாங்குது. அதை முழுக்க எடுத்துட்டா எதுமேல நிப்பாங்க? பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு கோடு போட்டு எழுதினேனே!" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏன்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் டிரிப்பை நிறுத்தினார், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மறுநாள் காலை அந்தக் கால் மறுபடி விறைத்து, தசை இழுத்து, அவள் ஆஸ்பத்திரித் தலையணையைக் கடித்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்த வலியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததோ அதே வலி.

அன்று அவளிடம் கேட்டேன், எதற்குப் பொய் சொன்னாய் என்று.

"உண்மையைச் சொன்னா நீங்க பயந்துக்கிட்டு இனிமே என் காலைத் தொடவே மாட்டீங்க" என்றாள். "எனக்கு பீரோகிட்டயே தெரிஞ்சுபோச்சு, கால் இல்லன்னு."

"தெரிஞ்சா ஏன் விசில் அடிக்கல?"

"அடிச்சா வந்துடுவீங்களே."

 அப்புறம் அவளே, "பதினாலு வருஷம் கம்பி பிடிக்காம நின்னேன்னு பீத்திக்கிட்டேன். கடைசியில காலுக்குள்ளயே ஒரு கம்பி இருந்திருக்கு, அதைப் பிடிச்சுதான் நின்னிருக்கேன். நீங்க அதைக் கழட்டிட்டீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்தாள், என்னால் முடியவில்லை.

கட்டுப் போட்ட கையால் வாக்கரைப் பிடிக்க முடியாது. ஆறு வாரம் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். என் அக்கா, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று போன் செய்தாள். "நாத்தனார்கிட்ட போய் எவளாவது பாத்ரூம் வேலை வாங்குவாளா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று கண்டக்டர் மறுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆயாம்மா வந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. "யாரோ ஒரு அம்மா பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா? இருபது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம்" என்று கேட்டேன். "அவங்களுக்கு நான் பேஷன்ட். உங்களுக்கு நான் கண்டக்டர்" என்றாள். 

கட்டுப் பிரித்து மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனோம். ஆறு வாரப் படுக்கை இருந்த பலத்தையும் தின்றுவிட்டது. முதல் நாள் கம்பிகளுக்கு நடுவே இரண்டு அடி. அவள் இடுப்பில் ஒரு துணி பெல்ட், அதன் பின்பிடி என் கையில். அவள் சாய்ந்தால் இழுக்கக் கூடாது, விழாமல் தாங்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தாள் மெதுவா மேடம். இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்கிறாள், நானும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்கிறேன். வீட்டில் ஸ்ட்ரெச் செய்யும்போது கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்கிறேன். பத்து நிமிஷம். ஒரு விநாடி அதிகம் கிடையாது.

மூன்று மாதத்தில் ஏழு அடி வந்தது. ஜன்னல் வரைக்கும். அதற்கு மேல் வரவில்லை. எட்டாவது அடிக்கு வலது கால் கிளம்பாது. "இப்போதைக்கு இது போதும், வற்புறுத்த வேண்டாம்" என்றாள் மெதுவா மேடம். பதினொன்று வருமா என்று கண்டக்டர் நேராகக் கேட்டாள். "தெரியாதுங்க. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.  அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம். ஜன்னல் வரைக்கும் அவள். அங்கிருந்து கதவு வரைக்கும் நாலு அடி, பெல்ட்டைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு நான். கதவோடு சரி, அதற்கு உள்ளே அவள் மட்டும். சுவரில் பிடிக்க இரும்புக் கைப்பிடிகள் நானே பொருத்தினேன், ஒவ்வொன்றிலும் தொங்கிப் பார்த்துப் பொருத்தினேன். ஆயாம்மாவை அனுப்பிவிட்டாள். தாழ்ப்பாளை மட்டும் எனக்காக விட்டுக்கொடுத்தாள். நான் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். விசில் அவள் கழுத்துக்கே திரும்பிவிட்டது, வாக்கர் கதவோடு நின்றுவிடுகிறதே.

போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். காலையிலிருந்தே அவளுக்கு ஓய்ச்சலாக இருந்தது. ஜன்னல் வரைக்கும் நடக்கவே நடுவில் இரண்டு தடவை நின்றாள். கதவுக்குள் விட்டுவிட்டு வெளியே திரும்பி நின்றேன். நேரம் ஆனது. உள்ளே கைப்பிடியை இறுகப் பிடிக்கிற சத்தம், பிறகு தொப்பென்று மறுபடி உட்கார்கிற சத்தம். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.  கூப்பிடாமல் போகக் கூடாது, அது அவளுடையது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு விசில். ஒரே ஒரு விசில்.

அந்த வீட்டுக்குள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.  கதவைத் தள்ளி, ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்து, மற்றதை வெளியே வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "என்னம்மா?" என்றேன்.

"எழுந்துக்க முடியல."

"நான் பாக்கல. சுவரைத்தான் பாக்கறேன். கையை மட்டும் நீட்டறேன், பிடிச்சுக்கோ" என்று பின்னால் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. அழுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. என் கை அப்படியே நீண்டிருந்தது.

"ஃபுட்போர்டுல நிக்காதீங்க" என்றாள். "உள்ள வாங்க."

உள்ளே போனேன்.